குளியல் தொட்டியில் ஆறு பாட்டில்கள்

பாரிஸில் விருந்துக்குப் போகிறவர்கள் வெறுங்கையோடு போவதில்லை. பெரும்பாலும் ஓர் ஒயின் பாட்டில் கூடவே போகும். கடையில் வாங்கியதை அப்படியே நீட்டினால், லேபிளைப் பார்த்ததுமே விலையை மனக்கணக்குப் போட்டுவிடுவார்கள். அதனால் நான் லேபிளை உரித்துவிட்டு, வாங்கிக்கொள்பவருக்குப் பொருத்தமாக வாட்டர்கலரில் ஒரு படம் வரைந்து ஒட்டிக் கொடுக்கிறேன். கலை ஆர்வம் பாதி, சிக்கனம் பாதி.

இதற்குப் பெரிய இடத்து முன்மாதிரி உண்டு. போர்தோ பகுதியின் ஷாத்தோ மூத்தோன் ரோத்ஷில்ட் என்ற புகழ்பெற்ற ஒயின் பண்ணை 1945 முதல் ஆண்டுதோறும் லேபிளுக்கு ஓவியம் போட்டு வருகிறது. 1958இல் டாலி, 1970இல் ஷகால் வரைந்தார்கள். ஓவியர்களுக்குக் கூலி பணமாக அல்ல, ஒயினாகவே. 1993இல் பால்தூஸ் வரைந்த ஆடையற்ற உருவத்துக்கு அமெரிக்காவில் எதிர்ப்புக் கிளம்ப, அங்கே விற்ற பாட்டில்களில் அந்த இடத்தை வெற்றாக விட்டுவிட்டார்கள். சேகரிப்பவர்கள் வெற்று லேபிளையும் தேடி வாங்கினார்கள். எனக்கும் ஒயினாகவே கூலி வேண்டும் என்று கேட்டேன். "மிஞ்சினால் பார்க்கலாம்" என்றார் என் கணவர்.

வேலை லேசுப்பட்டதல்ல. சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள வழக்கமான வாட்டர்கலர் தாள் பாட்டிலின் வளைவுக்குப் பணியாமல் விறைத்துக்கொண்டு நிற்கும். 200 கிராம் தாள் சொன்னபடி கேட்கும். இந்த வண்ணத்தைப் பிடித்து வைத்திருப்பது அரபிப் பிசின். ஈரம் பட்டால் அது கரைந்து, வரைந்த மயில் வான்கோழியாகிவிடும். எனவே மேலே வார்னிஷ் தெளித்து, பின்னால் மைதாப் பசை தடவி ஒட்டுவேன்.

கடந்த டிசம்பரில் உரிக்கும் பொறுப்பைக் கணவர் ஏற்றுக்கொண்டார். ஐந்து பாட்டில்கள் ஆறு யூரோ ரகம். ஒன்று மட்டும் 38 யூரோ, அவருடைய மேலாளருக்கு. தனித்தனியாக ஊறவைத்தால் நேரம் வீண் என்று குளியல் தொட்டியில் வெதுவெதுப்பான நீர் நிரப்பி, ஆப்ப சோடாவைக் கொட்டி, ஆறையும் ஒன்றாக இறக்கிவிட்டார். புதுச்சேரியிலிருந்து வந்திருந்த அவருடைய சித்தி, காலையில் துண்டும் கையுமாக உள்ளே போன வேகத்தில் திரும்பி வந்தார். "ஏம்மா, இதில்தான் குளிக்க வேண்டுமா?"

லேபிள்கள் எல்லாம் அழகாக மிதந்தன. மிஞ்சியவை ஒரே உயரம், ஒரே கரும்பச்சை, ஒரே சிவப்பு மூடியுறை. பெயர் அச்சிட்ட கார்க்குகள் உள்ளே பத்திரமாக இருந்தன. கணவர் ஒவ்வொன்றையும் சமையலறைத் தராசில் நிறுத்தார். அடிக்குழியில் கட்டைவிரலை விட்டு ஆழம் பார்த்தார். குழி ஆழமானால் ஒயின் உசத்தி என்று யாரோ சொல்லியிருக்கிறார்களாம். குழிக்கும் ருசிக்கும் சம்பந்தமில்லை என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. கடைசியில் சித்தி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டார். மேலாளருக்கு அதுவே முடிவாயிற்று.

ஆறும் ஆறு வீடுகளுக்குப் போயின. அதன் பிறகு கணவருக்கு நிம்மதி போயிற்று. பார்ப்பவர்களிடமெல்லாம் "திறந்தீர்களா?" என்று விசாரித்தார். யாரும் திறக்கவில்லை. இவ்வளவு அழகான பாட்டிலைத் திறக்க மனம் வருமா என்று அலமாரியில் நிறுத்திவிட்டார்கள். மேலாளர் அலுவலகத்திலேயே காட்சிக்கு வைத்துவிட்டார். குடிக்கக் கொடுத்ததைக் குடிக்கவிடாமல் செய்த பெருமை என் தூரிகைக்கு!

பிப்ரவரியில் கீழ்வீட்டு மூதாட்டி எங்களைச் சாப்பிட அழைத்தார். நான் வரைந்த அவருடைய பூனை சுவரில் சட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தது. லேபிளை நீரில் ஊறவைத்து நோகாமல் உரித்திருக்கிறார். "அப்படியானால் ஒயின்?" என்றார் கணவர், குரல் சற்று உயர்ந்து.

"பூஃப் பூர்கினியோன் செய்தேன், ஒயினில் வேகும் மாட்டிறைச்சிக் குழம்பு. பூர்கோஞ் பகுதி ஒயின்தான் ஊற்ற வேண்டும். கையில் இதுதான் இருந்தது, பரவாயில்லை என்று முழுவதையும் ஊற்றிவிட்டேன்."

கணவர் கார்க்கைக் கேட்டு வாங்கினார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் படித்தார். பிறகு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தட்டை நீட்டி மறுபடி குழம்பு கேட்டார். மூன்றாவது முறையும் கேட்டார். "உங்கள் வீட்டுக்காரருக்கு என் சமையல் அவ்வளவு பிடித்திருக்கிறதே!" என்று மூதாட்டி என்னிடம் பூரித்துப்போனார்.