மல்லிக்கு வண்டி பாக்குறேன்

மார்ச் 4, 2024 திங்கள்

இங்கிலாந்துல என் குதிரை மல்லிய வச்சிருக்கிற லாய யார்ட் கேட்ல நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. ஏப்ரல் 30க்குள்ள எல்லாரும் குதிரைய காலி பண்ணணும்.

மார்ச் 5

நைட் டூட்டி முடிச்சு வந்தும் தூக்கம் வரல. எடம் கிடைச்சிரும், தெட்ஃபோர்டு பக்கம் ஒரு யார்ட்ல ஒரு லாயம் காலியாம், போன்ல பேசிட்டேன். அது இல்ல கவலை. அங்க போனா சுத்தி ஆளே இல்ல, வயல்தான். பிப்ரவரில மல்லிக்கு வயித்துவலி வந்த மாதிரி இன்னொரு ராத்திரி வந்தா யாரை எழுப்புறது. இங்கயே யாரும் வரல.

சரி, வண்டி வாங்கியே ஆகணும். லாரியா ட்ரெய்லரா, இதுதான் இப்ப கேள்வி. லாரின்னா பெருசா நினைக்க வேண்டாம், மூன்றரை டன் வேன்தான், பின்னாடி குதிரை நிக்கிற மாதிரி கட்டினது. இங்க எல்லாரும் பாக்ஸ்னு சொல்வாங்க.

மார்ச் 7 வியாழன்

என் தோள் ஸ்கேனுக்கு ஆஸ்பத்திரி லெட்டர் இன்னும் வரல.

மார்ச் 9 சனி

லாடம் அடிக்கிறவர் வந்தார். நாப்பது வருஷமா இதே வேலை, அவர்கிட்ட கேக்காம யார்ட்ல யாரும் ஒண்ணும் வாங்க மாட்டாங்க. குனிஞ்ச தலை நிமிராம சொன்னார், ட்ரெய்லர் வாங்கு, பாக்ஸ்ல இன்ஜின் நின்னா குதிரையோட எல்லாம் நின்னுச்சு, ட்ரெய்லர்னா வேற காரை மாட்டி இழுத்துட்டுப் போயிரலாம்னு. நியாயம்தான். ஆனா அந்த ராத்திரி யார்ட்ல ட்ரெய்லர் இருந்துச்சே! மூணு ட்ரெய்லர் வரிசையா நின்னுச்சு. அதை மாட்டி இழுக்க டோபார் கொக்கி வச்ச கார் ஒண்ணுகூட இல்ல. வண்டி கிடைக்க ஒரு மணி அம்பது நிமிஷம். மழைல மல்லிய நடக்க வச்சுக்கிட்டே இருந்தேன், வயித்தை திரும்பித் திரும்பிப் பாக்குறா, காலால தரையைத் தோண்டுறா, திடீர்னு மடங்கி கீழ விழுந்தா, கயிறு என் கைல சுத்தியிருந்துச்சு.

அதுக்கு மேல எழுத வேண்டாம். நியூமார்க்கெட் குதிரை ஆஸ்பத்திரிக்கு கொண்டுபோய் குழாய் வழியா தண்ணி விட்டே குடல் அடைப்பை எடுத்துட்டாங்க, ஆபரேஷன் வேண்டி வரல. தோள்தான் எனக்கு இன்னும் தூக்க முடியல.

மார்ச் 10 ஞாயிறு

அம்மா போன். இடம் மாறுறதை சொன்னேன், வண்டி பாக்குறதையும் சொன்னேன். ஒரு நிமிஷம் சத்தமே இல்ல. அப்புறம், "ஏன்டி, எங்க காலத்துல திண்டுக்கல் ஸ்டேஷன்ல இருந்து பேகம்பூருக்கு ஜட்கால வருவோம், குதிரை நம்மளை இழுக்கும். நீ குதிரைய வண்டில ஏத்தி இழுக்கப் போறியா?"ன்னு கேட்டு சிரிக்கிறாங்க சிரிக்கிறாங்க அப்படி ஒரு சிரிப்பு. கடைசில கொள்ளு வேகவச்சு குடுன்னு வழக்கம் போல. இங்க கொள்ளெல்லாம் யாரும் குடுக்க மாட்டாங்கன்னு நூறு தடவை சொல்லியாச்சு. அந்த ராத்திரியப் பத்தி அம்மாவுக்குத் தெரியாது. தோளைப் பத்தியும் தெரியாது.

மார்ச் 12

லைசென்ஸ் கணக்கு. ஏழரை டன் பெரிய பாக்ஸ் என்னால ஓட்ட முடியாது, அதுக்கு சி1 வகை லைசென்ஸ் வேணும், 1997க்கு முன்னாடி கார் டெஸ்ட் பாஸ் பண்ணவங்களுக்கு அது சும்மாவே கிடைச்சிருக்கு, நான் பாஸ் பண்ணது 2009. அதனால மூன்றரை டன் வரைக்கும்தான். ட்ரெய்லர் இழுக்க முன்னாடி தனி டெஸ்ட் இருந்துச்சு, 2021 டிசம்பர் 16ல இருந்து அது வேண்டாம்னுட்டாங்க, கார் லைசென்ஸ் இருந்தா 3,500 கிலோ வரைக்கும் இழுக்கலாம். சட்டம் விட்டுருச்சு. ரிவர்ஸ் எடுக்க என் கைக்கு வரணுமே.

என் சின்ன யாரிஸ் கார் ஆட்டுக்குட்டியைக்கூட இழுக்காது. ட்ரெய்லர்னா காரையும் மாத்தணும். யார்ட்ல சொல்ற கணக்கு, இழுக்குற வண்டியோட எடைல 85 சதவீதத்துக்கு மேல பின்னாடி இழுக்காம இருந்தா நல்லதுன்னு. சட்டம் இல்ல, பழக்கம். அப்படிப் பாத்தா பழைய லேண்ட் ரோவர் டிஸ்கவரி மாதிரி பெரிய கார் ஒண்ணு வேணும், அது 3,500 கிலோ இழுக்கும், டீசலையும் அதே மாதிரி இழுக்கும்.

மார்ச் 16 சனி

ஒரு பழைய ட்ரெய்லர் பாத்தேன். ஐஃபோர் வில்லியம்ஸ் 506, இங்க நிறைய பேர்கிட்ட அந்தக் கம்பெனிதான் நிக்கும். வெளிய பாத்தா நல்லா கழுவி பளபளன்னு வச்சிருந்தாங்க. டயர் ஓரத்துல நாலு நம்பர் இருக்கும், எந்த வாரம் எந்த வருஷம் செஞ்சதுன்னு. 2312. பன்னெண்டாம் வருஷத்து டயர்! ட்ரெட் புதுசு மாதிரி இருக்கு, ஏன்னா எப்பவோ ஒரு தடவைதான் ஓடியிருக்கு, ஆனா பக்கவாட்டுல ரப்பர் வெடிச்சு கோடு கோடா. சரி டயர் மாத்திக்கலாம்னு உள்ள போனேன். தரைல ரப்பர் மேட், அதைத் தூக்கணும்னேன். விக்கிறவரு எதுக்குங்கிறார். நானே ஒத்தைக் கையால ஓரத்தைத் தூக்கி ஸ்க்ரூட்ரைவரை பலகைல வச்சு அழுத்தினேன். வெந்த கிழங்குல இறங்குற மாதிரி இறங்குச்சு. மூத்திரம் ஊறி ஊறி மரம் இத்துப் போயிருக்கு. இதுமேல ஐநூத்தி சொச்சம் கிலோ நின்னுக்கிட்டு ரோட்ல போறதை நினைச்சுப் பாருங்க. வேனுக்காவது ரோட்ல ஓட லாயக்கான்னு பாக்குற எம்ஓடி டெஸ்ட் வருஷா வருஷம் உண்டு, இந்த ட்ரெய்லருக்கு அதுவும் கிடையாது, தரை அழுகினா கேக்க ஒருத்தரும் இல்ல.

அவர் கடைசி வரைக்கும் "இதுல ஒரு பிரச்சினையும் வந்ததில்ல"ன்னே சொன்னார்.

மார்ச் 17

வீட்டுக்கு வந்தும் அந்த ஸ்க்ரூட்ரைவர் இறங்குன சத்தம்தான். சத்தமே இல்ல, அதான்.

மார்ச் 23 சனி

ட்ரெய்லர் ஓட்ட ஒருநாள் பயிற்சி. பழைய ஏர்ஃபீல்டு ஒண்ணுல. முன்னாடி போறது ஒண்ணுமே இல்ல. மாட்டுறதுலதான் என் தோள் அழுதுச்சு. ட்ரெய்லர் முன்னாடி தாங்குற ஜாக்கி வீலை சுத்தி இறக்கணும், கார் பின்னாடி இருக்கிற டோபால் குண்டுல உக்காந்துச்சான்னு திரும்ப சுத்தி தூக்கிப் பாக்கணும், ட்ரெய்லர் கழண்டா பிரேக் போடுற பிரேக்அவே கேபிளை மாட்டணும், பதிமூணு பின் ப்ளக், லைட் எரியுதான்னு சுத்தி வந்து பாக்கணும், பின்னாடி குதிரை ஏறுற ராம்ப்பைத் தூக்கி மூடணும். ஸ்பிரிங் இருக்கு, இருந்தாலும் கடைசி ஒரு அடிக்கு ரெண்டு கை வேணும். இதெல்லாம் ராத்திரி ரெண்டு மணிக்கு, மழைல, தனியா.

ரிவர்ஸுக்கு சொல்லிக் குடுத்தாரு, ஸ்டியரிங்ல கையை அடில வச்சுக்கோ, ட்ரெய்லர் எந்தப் பக்கம் போகணுமோ கையை அந்தப் பக்கம் நகத்துன்னு. மூணு தடவை மடங்கி நின்னுச்சு. நாலாவது தடவை கோன் ரெண்டுக்கும் நடுவுல நேரா போச்சு, நான் கத்துன கத்துல அவர் பயந்துட்டார். வளைவுல எப்படிப் போகணும்னு கேட்டதுக்கு, முன்னாடி ஒரு கிளாஸ்ல தண்ணி வச்சிருக்கிற மாதிரி நினைச்சு ஓட்டுன்னார். பின்னாடி நிக்கிறவளுக்கு பிடிச்சுக்க கை கிடையாதுல்ல.

மார்ச் 29 புனித வெள்ளி

டூட்டி. லெட்டர் வரல.

ஏப்ரல் 1

நேத்து ஒரு பாக்ஸ் பாத்தேன், கோடைக்குன்னு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வச்சிட்டதை மறந்து லேட்டா வேற போனேன். 2012 வேன். விலை 14,000 பவுண்டு. "ரெண்டு குதிரை தாராளமா நிக்கும்"னு சொன்னாங்க. நிக்கும். நிக்கிறது வேற, எடை வேற. கெஞ்சிக் கூத்தாடி பக்கத்துல வண்டி எடை போடுற வேபிரிட்ஜுக்கு ஓட்டிட்டுப் போனேன். டேங்க் நிறைய டீசல், நான் உள்ள உக்காந்து, 2,640 கிலோ. 3,500ல கழிச்சா மிச்சம் 860. மல்லி நியூமார்க்கெட் ஆஸ்பத்திரி தராசுல 572. மிச்சம் 288. சேணம், வைக்கோல் வலை, இருபத்தஞ்சு லிட்டர் தண்ணி, என் தோழி ஒருத்தி கூட வந்தா அவ. அதுல ரெண்டாவது குதிரை எங்க? ஒரு கழுதைகூட ஏத்த முடியாது. ரோட்ல நிறுத்தி எடை போட்டா ஓவர்லோடுன்னு அங்கயே நிறுத்திருவாங்க, குதிரைய இறக்கி எங்க கட்டுறது.

இதை நான் விக்கிற அந்தம்மாகிட்ட சொன்னப்ப, எல்லாரும் அப்படித்தான் ஓட்டுறாங்கன்னாங்க. அது உண்மை, அதுதான் பயமே.

எனக்கு ஒரே குதிரைதான், 860 போதும்தான். ஆனா பொய் சொன்னவங்ககிட்ட வாங்க மனசு வரல. தரையைப் பாக்கக்கூட இல்ல.

ஏப்ரல் 3

மல்லி சாணி அஞ்சு தடவை. நல்லா இருக்கா.

ஏப்ரல் 6 சனி

கூட்டிக் கழிச்சுப் பாத்தா ட்ரெய்லரும் பழைய காரும் சேந்து பத்தாயிரத்துக்குள்ள முடியும், நல்ல பாக்ஸ் அதுக்கு ரெண்டு மடங்கு. வேகம்? ட்ரெய்லர்னா மோட்டார்வேல மணிக்கு 60 மைல், மூன்றரை டன் பாக்ஸுக்கு 70. அந்த ராத்திரி நியூமார்க்கெட்டுக்கு முக்கா மணி நேரம் ஆச்சு, பத்து மைல் வேகத்துல ஒண்ணும் மிச்சமாகாது, வயித்துவலி குதிரைய வச்சுக்கிட்டு யாரு எழுபதுல போவா. மிச்சமாகப் போறது அந்த ஒரு மணி அம்பது நிமிஷம்தான். அது ரெண்டுலயும் மிச்சமாகும், கார் என்னோடதா இருந்தா.

அப்ப ட்ரெய்லர்தானே? கணக்கு அதைத்தான் சொல்லுது.

ஏப்ரல் 7

இல்ல. தோள்.

ஏப்ரல் 11 வியாழன்

லெட்டர் வந்துச்சு. ஸ்கேன் மே 22. ரிசல்ட் இல்ல, ஸ்கேன் தேதியே மே 22! நான் இதே சிஸ்டத்துலதான் வேலை பாக்குறேன், பேஷண்ட்டுக்கு "கொஞ்சம் பொறுங்க"ன்னு தினம் சொல்றவ. வார்டுல சிரிச்சுட்டே எல்லார்கிட்டயும் காட்டினேன். கார்ல உக்காந்து அழுதேன்.

ஏப்ரல் 14 ஞாயிறு

புத்தாண்டு. பாயசம் வச்சேன், ஒருத்திக்கு மட்டும் வச்சா எப்பவும் அளவு தப்பிருது. மல்லிக்கு ரெண்டு கேரட்டும் ஒரு துண்டு வெல்லமும். வெல்லத்தை நக்கிட்டு என் பாக்கெட்டை முட்டுறா. யார்ட்ல பாதி லாயம் காலி, அவ பக்கத்து லாயத்துக் கிழட்டுக் குதிரை புதன்கிழமை வேற எடத்துக்குப் போயிட்டான், அன்னைல இருந்து அந்தச் சுவரைப் பாத்து கனைச்சுக்கிட்டு நிக்கிறா.

ஏப்ரல் 18

ரெண்டு வளையல் வித்தேன். தங்கம் இப்ப ஏறிக் கிடக்கு, அது ஒரு சாக்கு. அம்மா வீடியோ கால்ல கேட்டா ஃபுல் கை ஸ்வெட்டர் போட்டுக்கணும்.

ஏப்ரல் 20 சனி

கேம்பிரிட்ஜ் தாண்டி ஒரு பாக்ஸ். 2018. விக்கிற அம்மாவே வேபிரிட்ஜ் சீட்டு எடுத்து வச்சிருந்தாங்க, கேக்காமலே நீட்டுனாங்க. ரப்பர் மேட்டைத் தூக்கவான்னு கேட்டேன், இந்தாங்க டார்ச்சுன்னாங்க. அலுமினியம் தரை, அடில படுத்துப் பாத்தேன், ஒரு இடத்துல மட்டும் லேசா துரு, அதையும் அவங்களே விரல் வச்சுக் காட்டுனாங்க. ராம்ப்பை இடது கையால மட்டும் தூக்கிப் பாத்தேன். தூக்க முடிஞ்சது. ரெண்டாவது தடவையும் தூக்கிப் பாத்தேன், அந்தம்மா ஏன்னு கேக்கல.

21,500 சொல்றாங்க. என்கிட்ட 18,000 இருந்துச்சு, வளையலோட சேத்து 20,300.

ஏப்ரல் 21

மாட்டுறது இல்ல, கழட்டுறது இல்ல, ரிவர்ஸ்ல மடங்குறது இல்ல. சாவியப் போட்டா கிளம்பும். யார்கிட்டயும் டோபார் இருக்கான்னு கேக்க வேண்டாம். லாடக்காரர் சொன்னது சரிதான், இன்ஜின் நின்னா நின்னதுதான். குதிரையோட சேத்து மீட்டுக் கொண்டுபோற பிரேக்டவுன் கவர் தனியா எடுக்கணும், சாதாரண கார் கவர்ல குதிரைய ஏத்த மாட்டாங்க. அதுக்கும் காசு.

ஏப்ரல் 23

20,800க்கு ஒத்துக்கிட்டாங்க. ஐநூறு கடன், வார்டுல ஒரு தோழி கேக்காமலே குடுத்தா. அட்வான்ஸ் போட்டாச்சு. லாடக்காரர்கிட்ட இன்னும் சொல்லல, திட்டுவார்.

ஏப்ரல் 25 வியாழன்

இன்ஷூரன்ஸ் முடிஞ்சது. மல்லியோட பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்து வச்சேன், அது கூட இல்லாம வண்டில ஏத்தக் கூடாது. உள்ள அவளோட வெள்ளைச் சுழி எங்க எங்க இருக்குன்னு படம் வரைஞ்சு வச்சிருக்கு. என் பாஸ்போர்ட்ல ஒரு மச்சம்தான் எழுதியிருந்தாங்க.

ஏப்ரல் 27 சனி

அந்தம்மா பாக்ஸை யார்ட்டுக்கே கொண்டு வந்தாங்க, மல்லி ஏறுறாளான்னு பாக்க. முன்னங்கால் ரெண்டையும் ராம்ப்ல வச்சா, நின்னா, அரை மணி நேரம் அப்படியே நின்னா. பின்னாடி தள்ளவும் இல்ல, இழுக்கவும் இல்ல, யாரும் பேசவும் இல்ல. அப்புறம் அவளா பெருமூச்சு விட்டுட்டு உள்ள போய் வைக்கோலை இழுத்தா. நான் கதவைச் சாத்தல. சும்மா தின்னுட்டு இறங்கட்டும்னு விட்டுட்டேன்.

ஏப்ரல் 28 ஞாயிறு

வண்டி நாளைக்கு 11 மணிக்கு கைக்கு வருது, செவ்வாய் காலைல 6 மணிக்கு தெட்ஃபோர்டு. பக்கெட், சேணம், போர்வை எல்லாம் கட்டி வச்சாச்சு. சாயங்காலத் தீனில பாதிய அப்படியே வச்சிருக்கா. பக்கத்துல யாரும் இல்லாததாலதான் இருக்கும். சாணி நாலு. காதை விலால வச்சுக் கேட்டேன், ரெண்டு பக்கமும் குடல் உருளுற சத்தம் இருக்கு. பத்து மணிக்கு இன்னொரு தடவை போய் பாத்துட்டு வரேன்.