லெய்டே கரையிறக்கம், 1/35 டயோராமா (அசலில் 35-ல் ஒரு பங்கு அளவிலான காட்சி மாடல்): தண்ணீர் ஊற்றும் கட்டம்

1942 மார்ச்சில் பிலிப்பைன்ஸின் கொரிகிடோர் தீவிலிருந்து தப்பி ஆஸ்திரேலியா சேர்ந்த அமெரிக்க ஜெனரல் மெக்ஆர்தர், டெரோவி ரயில் நிலையத்தில் "நான் திரும்பி வருவேன்" என்றார். திரும்பி வந்தது 1944 அக்டோபர் 20-ல், லெய்டே தீவின் பாலோ கரையில், முழங்கால் தண்ணீரில் நடந்து. அந்தக் காட்சிதான் இந்த மாடல். ஆட்களும் மணலும் தயார். மீதி தண்ணீர்தான், அதாவது ஹார்ட்னர் கலந்து ஊற்றினால் கண்ணாடி மாதிரி இறுகும் ரெசின். கோத்தகிரி மூடுபனியில் அதுதான் தலைவலி.

முதலில் ஒரு எச்சரிக்கை: லெய்டே என்று சுற்றும் படங்களில் சில 1945 ஜனவரியில் லிங்காயெனில் எடுத்தவை. 'ரெட் பீச்' என்பது இந்தக் கரைக்கு ராணுவம் வைத்த அடையாளப் பெயர், மணலுக்குச் சிவப்புப் பூச வேண்டாம். மெக்ஆர்தர் வாயில் புகைக்கும் பைப்பும் வேண்டாம். கறுப்புக் கண்ணாடியும் ஜரிகைத் தொப்பியும் போதும்.

ஆறடி ஆள் 1/35-ல் 52 மி.மீ. முழங்கால் ஏறக்குறைய 14 மி.மீ. எனவே ஆழப்பக்கம் ரெசின் 14 மி.மீ., கரையில் பூஜ்யம். 20×15 செ.மீ. தட்டுக்குச் சுமார் 210 மி.லி. பிடிக்கும். ஒரே மூச்சில் ஊற்றினால் சூடேறி அடியிலுள்ள தெர்மோகோலை உருக்கிவிடும். 4, 4, 4, 2 மி.மீ. என்று அடுக்கடுக்காக ஊற்றுவதே சரி.

மணல் மேல் நீர்த்த ஃபெவிகால் இரண்டு கோட். வெள்ளை மறைந்து தெளியும்வரை பொறுக்கணும். அடியில் ஈரம் இருந்தால் ரெசின் பால் மாதிரி வெளுத்துவிடும்.

குளிரில் ரெசின் தேன் மாதிரி கெட்டியாகிக் குமிழை வெளியே விடாது. ரெசின், ஹார்ட்னர் இரண்டு பாட்டிலையும் மூடியபடியே வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் வைக்கவும். லேபிளில் 2:1 என்றால் எடையா, கன அளவா என்று பார்த்துக்கொள்ளவும். ரெசின் இறுகாமல் பிசுபிசுப்பது பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. ஊற்றியதும் 40 வாட் குண்டு பல்பு எரியும் அட்டைப்பெட்டிக்குள் இரவு முழுக்க வைக்கவும். பல்பு மாடலை ஒட்டி இருக்கக் கூடாது.

காலையில் மேலே எண்ணெய்ப் படலம் தெரிந்தால், காற்றின் ஈரம் ஹார்ட்னரோடு சேர்ந்த வேலை. வெந்நீரால் துடைத்து, 400 நம்பர் உப்புத்தாளால் ஈரத் தேய்ப்பு, நன்றாக உலர்த்தி அடுத்த அடுக்கு. கீறல் அதில் மறைந்துவிடும்.

ஆட்களின் பேன்டில் நீர்மட்டத்துக்கு மேல் 3 மி.மீ. வரை காக்கி ஒரு படி கருமையாக, அங்கே மட்டும் பளபளப்பு வார்னிஷ். மேலே மேட். மேட் ஸ்ப்ரேயை மூடுபனியில் அடித்தால் வெளுத்துப்போகும். பிரஷால் பூசுவதே மேல். அடுத்தது படகின் சரிவுக் கதவு.