புரொபேட் முடியும்வரை சென்னை வீட்டை என்ன செய்வது?

சென்னையில் வீடு வைத்திருந்தவர் உயில் எழுதிவிட்டு இறந்துபோகிறார். உயில் பதிவும் ஆகியிருக்கிறது. காரியம் முடிந்த கையோடு பிள்ளைகள் புரோக்கரைக் கூப்பிடுகிறார்கள். வாங்க வருகிறவரின் வக்கீல் கேட்கும் முதல் கேள்வி, "புரொபேட் ஆச்சா?" உயில் உண்மையானதுதான் என்று கோர்ட் கொடுக்கும் சான்றுதான் புரொபேட். அங்கே நிற்கும் வியாபாரம் மறுபடி நகர மாதங்களும் ஆகலாம், வருடங்களும் ஆகலாம். அந்த இடைக்காலத்தில் வீட்டை எப்படிப் பார்த்துக்கொள்வது, எதில் கையெழுத்துப் போடலாம், எதில் போடக் கூடாது என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் புரொபேட் தேவைதானா என்று பாருங்கள். 1925ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவு, சென்னை, மும்பை, கொல்கத்தா உயர் நீதிமன்றங்களின் அசல் எல்லைக்குள், அதாவது அவை நேரடியாக வழக்கு விசாரிக்கும் நகர எல்லைக்குள், எழுதிய உயிலுக்கும், அந்த எல்லைக்குள் இருக்கும் வீடு, மனை பற்றிய உயிலுக்கும் புரொபேட்டைக் கட்டாயமாக்கியிருந்தது. இந்து, ஜைனர், சீக்கியர், பௌத்தர், பார்சி எல்லோருக்கும் அது இருந்தது. முஸ்லிம்களுக்குக் கிடையாது, 2002க்குப் பிறகு இந்தியக் கிறிஸ்தவர்களுக்கும் கிடையாது. மதுரையில் எழுதி, மதுரை வீட்டைப் பற்றி மட்டும் பேசும் உயிலுக்கு எந்தக் காலத்திலும் இந்தத் தொல்லை இருந்ததில்லை. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டது. ஆகவே இன்று கட்டாயம் இல்லை.

கட்டாயம் இல்லை என்றால் வேண்டாம் என்று அர்த்தமில்லை. உயில் உண்மையானதுதான் என்று கோர்ட் ஒருமுறை சொல்லிவிட்டால் அது எல்லோரையும் கட்டுப்படுத்தும். வீட்டுக்கடன் கொடுக்கும் வங்கியின் பேனல் வக்கீலுக்கு வேண்டியது அதுதான். என் கணக்கு இப்படி: வாரிசுகள் அத்தனை பேரும் உயிலை ஒப்புக்கொண்டு, கிரயப் பத்திரத்தில் ஒப்புதல் தரப்பினராகக் கையெழுத்துப் போட வருவார்கள் என்றால் புரொபேட் செலவு வீண். ஒருவருக்குப் பங்கு இல்லை, ஒருவர் பேச்சுவார்த்தையில் இல்லை, ஒருவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது என்றால் மனு போட்டுவிடுங்கள். முக்கியமாக, தள்ளிப்போடாதீர்கள். இந்த மனுவுக்கும் மூன்று வருட காலவரம்பு பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தாமதமானால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டிவரும், எதிர்க்கிறவருக்கு அது ஒரு பிடி.

உயிலைக் கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியது, எக்ஸிகியூட்டர் (உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளர்) என்று யார் பெயராவது இருக்கிறதா என்பது. புரொபேட் அவருக்கு மட்டும்தான் கிடைக்கும். பெயர் இல்லையென்றால் உயில் இணைத்த நிர்வாக உரிமைக் கடிதம், அதாவது சொத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நிர்வாகியாகக் கோர்ட் நியமிக்கும் உத்தரவு, கேட்க வேண்டும். இரண்டும் கேட்க ஒன்றுபோல இருந்தாலும் விற்கும்போது வித்தியாசம் தெரியும். உயிலில் தடை எதுவும் இல்லாவிட்டால் எக்ஸிகியூட்டர் தன் முடிவிலேயே வீட்டை விற்கலாம். நிர்வாகியாக நியமிக்கப்பட்டவர் அசையாச் சொத்தை விற்கக் கோர்ட்டின் முன் அனுமதி வாங்க வேண்டும், ஜாமீன் பத்திரமும் கொடுக்க வேண்டும். இது தெரியாமல் மூன்று மாதக் கெடுவில் அட்வான்ஸ் வாங்கியவர்கள் பிறகு கெடுவை நீட்டக் கெஞ்ச வேண்டியிருக்கும்.

மூல உயிலை லேமினேட் செய்யாதீர்கள். பின்னைக் கழற்றி ஜெராக்ஸ் எடுத்துவிட்டு மறுபடி பின் அடிக்காதீர்கள். தாளில் இரண்டு ஜோடி ஓட்டை இருந்தால், நடுவில் ஒரு பக்கம் மாற்றப்பட்டதா என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள். கழற்றாமலே விரித்து ஸ்கேன் எடுங்கள். மூலத்தைக் கோர்ட்டில் தாக்கல் செய்துவிட்டால் அது அங்கேயேதான் இருக்கும். உங்கள் கைக்கு வருவது நகல் இணைத்து முத்திரையிட்ட புரொபேட்.

பதிவான உயில்தானே, சாட்சி எதற்கு என்பது இன்னொரு தவறான எண்ணம். பதிவு என்பது உயிலை நிரூபித்ததாக ஆகாது. அத்தாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவராவது பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். ஆகவே முதல் வாரமே அந்த இருவரும் எங்கே இருக்கிறார்கள் என்று தேடுங்கள். இருவரும் போய்ச்சேர்ந்திருந்தால், அவர்கள் கையெழுத்தை அடையாளம் சொல்லக்கூடிய ஒருவரைப் பிடிக்க வேண்டும். பழைய வங்கிப் படிவம், பென்ஷன் தாள் என்று கையெழுத்து உள்ள எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

மனுவில் வாரிசுகளின் பட்டியல் கொடுக்கும்போது அடிக்கடி விட்டுப்போகும் ஒரு பெயர் உண்டு: இறந்தவரின் தாயார். இந்து ஆண் ஒருவர் இறந்தால் மனைவி, பிள்ளைகளோடு தாயும் முதல் வகுப்பு வாரிசு. மகன் இறந்தபோது தாய் உயிரோடு இருந்து, அதற்குப் பின் காலமாகியிருந்தால், அவர் இடத்தில் அவருடைய வாரிசுகள், அதாவது இறந்தவரின் அண்ணன் தம்பி அக்கா தங்கைகளும் வந்து நிற்பார்கள். உயிலில் அவர்களுக்கு ஒன்றுமே இல்லை என்றாலும் நோட்டீஸ் போக வேண்டும். மறைத்துவிட்டு வாங்கிய புரொபேட்டைப் பிறகு ரத்து செய்யச் சொல்லி வருவார்கள், அதுவும் வீடு கைமாறிய பிறகு வருவார்கள். எல்லோரும் சம்மதப் பிரமாணப் பத்திரம் கொடுத்துவிட்டால் வேலை சீக்கிரம் நடக்கும். ஒருவர் கேவியட் போட்டு எதிர்த்தால் மனு வழக்காக மாறும். சென்னை வக்கீல்கள் "டி.ஓ.எஸ். ஆயிடுச்சு" (டெஸ்டமெண்டரி ஒரிஜினல் சூட், உயில் வழக்கு) என்பது இதைத்தான். அதன்பின் காலக்கெடு யார் கையிலும் இல்லை. அப்படி இழுத்தால், வழக்கு முடியும்வரை வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு நிர்வாகியை நியமிக்கும்படி கோர்ட்டைக் கேட்கலாம். இரண்டு தரப்பும் ஆளுக்கொரு பூட்டுப் போட்டுவிட்டுப் போவதைவிட அது எவ்வளவோ மேல்.

சரி, வீடு. சட்டப்படி சொத்து, இறந்த நாளிலிருந்தே எக்ஸிகியூட்டரின் பொறுப்பு. புரொபேட் அதற்கான ஆதாரம் மட்டும்தான். ஆகவே வரி கட்டவும் பழுது பார்க்கவும் புரொபேட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டுச் செலவுக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கை ஒதுக்கிவிடுங்கள். மாநகராட்சிச் சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரலுக்குள்ளும் அக்டோபருக்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி, அதிகபட்சம் 5,000 ரூபாய். குடிநீர் வாரியத்தின் வரி தனி, அதையும் மறந்துவிடக் கூடாது. இரண்டையும் இறந்தவர் பெயரிலேயே கட்டிக்கொண்டு போகலாம். வரி ரசீதில் பெயர் மாற்றுவதால் உரிமை வந்துவிடாது. அவசரமாக ஒரு பிள்ளை பெயருக்கு மாற்றினால் மற்றவர்களுக்குச் சந்தேகம்தான் வரும்.

மின் இணைப்பைத் துண்டிக்காதீர்கள். பூட்டிய வீட்டுக்குப் பில் பெரிதாக வராது, ஆனால் மோட்டார் ஓட கரண்ட் வேண்டும். போர் மோட்டாரை வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஓட விடவில்லையென்றால் இறுகிப்போய் நின்றுவிடும். மேல்தொட்டியைக் காலி செய்து மூடி போடுங்கள். சம்ப் மூடி சரியாக மூடுகிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் கொசு உற்பத்தி என்று மாநகராட்சி அபராதம் போடும். குளியலறை, தரை வடிகால் எல்லாவற்றிலும் ஒரு வாளித் தண்ணீர் மாதம் இருமுறை ஊற்றுங்கள். தண்ணீர்ப் பூட்டு, அதாவது குழாய் வளைவில் நிற்கும் தண்ணீர், காய்ந்தால் கரப்பானும் சாக்கடை நாற்றமும் உள்ளே ஏறிவிடும், வீடு பார்க்க வருகிறவர் வாசலிலேயே மூக்கைப் பொத்துவார். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், செப்டம்பரிலேயே, மொட்டை மாடி வடிகுழாய் வாயில் அடைத்த இலைகளை எடுத்துவிடுங்கள். தேங்கிய தண்ணீர் ஒரே மழைக்காலத்தில் சீலிங் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். பூச்சு உதிர்ந்து விழுந்த ஒரு அறையைக் காட்டி வாங்குபவர் குறைக்கும் விலை, நீங்கள் பழுதுக்குச் செலவழித்திருக்கக்கூடியதைப்போலப் பல மடங்கு. சுவர் விரிசலில் முளைக்கும் அரசங்கன்றையும் ஆலங்கன்றையும் விரல் உயரத்திலேயே வேரோடு பிடுங்க வேண்டும்.

"சும்மா கிடக்குதே, யாரையாவது இருக்கச் சொல்லுவோம்" என்ற யோசனைதான் மிக ஆபத்தானது. தெரிந்தவர், தூரத்து உறவு, வாடகை வாங்காத காவலாள் என்று உள்ளே விட்டவரை வெளியே அனுப்ப இன்னொரு வழக்கு போட வேண்டிவரும். வாடகைக்கு விட்டே ஆகவேண்டும் என்றால், 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். 11 மாதத்துக்கு மேல் போகாதீர்கள். வாடகைப் பணம் இறந்தவர் விட்டுப்போன சொத்தின் (எஸ்டேட்) வருமானம். எக்ஸிகியூட்டர் அதைத் தன் சொந்த வருமானத்தோடு கலக்காமல் தனி வரிக் கணக்காகக் காட்ட வேண்டும்.

பத்திரங்களை இந்தக் காலத்தில்தான் சரிசெய்ய வேண்டும். மூலப்பத்திரமும் தாய்ப்பத்திரங்களும் கையில் இருக்கின்றனவா? பட்டாவில் யார் பெயர்? வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. பதிவான உயில் வில்லங்கச் சான்றில் வராது, அது வேறு புத்தகத்தில் ஏறுகிறது. இதற்குப் பின்னால் எழுதிய இன்னொரு உயில் பதிவாகியிருக்குமோ என்று சந்தேகம் இருந்தால் சப்-ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் கேளுங்கள். எழுதியவர் இறந்த பிறகு யார் வேண்டுமானாலும் நகல் கேட்கலாம். வில்லங்கத்தில் பழைய வங்கிக் கடனின் டைட்டில் டெபாசிட் ஆவணம் (கடனுக்காகப் பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்ததன் பதிவு) நிற்கும். கடன் அடைத்துப் பத்து வருடம் ஆகியிருந்தாலும் ரத்து ரசீது பதிவாகவில்லையென்றால் அது நிற்கத்தான் செய்யும். வங்கியிடம் இப்போதே எழுதுங்கள். கடன் முழுதும் தீர்ந்த 30 நாளுக்குள் பத்திரங்களைத் திருப்பிக் கொடுக்கவும், தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் கொடுக்கவும் ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. கடன் வாங்கியவர் இறந்திருந்தால் வாரிசுகளிடம் கொடுப்பதற்கு வங்கி ஒரு நடைமுறை வைத்திருக்க வேண்டும் என்றும் அதில் உண்டு.

இன்னொன்று: இறந்தவர் உயிரோடு இருந்தபோது மகனுக்குக் கொடுத்த பவர் பத்திரம் அவர் மூச்சு நின்றதுமே செத்துவிட்டது. அதை வைத்துக் கிரயம் செய்தால் அது கிரயமே இல்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை புதிதாக பவர் கொடுப்பதானால் அங்கே இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி வாங்கி அனுப்ப வேண்டும். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும்.

புரொபேட் வருவதற்கு முன்னால் வீட்டைக் காட்டலாம், விலை பேசலாம். விற்பனை ஒப்பந்தம் போடுவதில்தான் நிதானம் வேண்டும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து விற்பனை ஒப்பந்தமும் கட்டாயமாகப் பதிவாக வேண்டும். பதிவானதும் வில்லங்கத்தில் ஏறிவிடும். பேரம் முறிந்தால், வாங்க வந்தவரும் வந்து ரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அவர் வராவிட்டால் உங்கள் வீட்டுக்கு நீங்களே வில்லங்கம் வைத்துக்கொண்டீர்கள். ஒப்பந்தம் போட்டே தீருவதானால் கெடுவை ஒரு தேதியாக எழுதாமல் "புரொபேட் நகல் கைக்கு வந்த நாளிலிருந்து 90 நாள்" என்று எழுதுங்கள். யாராவது எதிர்த்து வழக்கானால் வட்டியில்லாமல் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்து இருவரும் விலகிக்கொள்ளலாம் என்றும் எழுதுங்கள். அந்த அட்வான்ஸை வாரிசுகள் பிரித்துக்கொள்ளவே கூடாது. ரொக்கமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே வருமான வரித்துறை அபராதம் போட முடியும்.

கிரயத்தில் யார் விற்பவர் என்பதை ஆடிட்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். எக்ஸிகியூட்டரே விற்றுப் பணத்தைப் பிரிக்கலாம். அல்லது அவர் சம்மதம் கொடுத்து வீடு வாரிசு கைக்குப் போனபின் வாரிசு விற்கலாம். விற்ற பணத்தில் வேறு வீடு வாங்கி வரிவிலக்குக் கேட்கும் எண்ணம் இருந்தால் இரண்டாவது வழிதான் சுலபம்.

வரிக்கு, அப்பா வாங்கிய விலைதான் உங்கள் அடக்க விலை. 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கியதானால் அந்த நாளின் சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அன்றைய அரசு வழிகாட்டி மதிப்புக்கு மேல் போக முடியாது. அன்றைய மதிப்பு 20 லட்சம், 2025-26இல் 1.5 கோடிக்கு விற்பனை என்று வையுங்கள். புதிய முறையில் லாபம் 1.3 கோடி, அதில் 12.5 சதவீதம் 16.25 லட்சம். விலைவாசிக்கு ஏற்ப அடக்க விலையை உயர்த்தும் பழைய குறியீட்டு முறையில் 376 குறியீட்டின்படி (3.76 மடங்கு) அடக்கம் 75.2 லட்சம், லாபம் 74.8 லட்சம், அதில் 20 சதவீதம் 14.96 லட்சம். பழைய முறையைத் தேர்ந்தெடுக்கும் சலுகை 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய சொத்துக்கும், இந்தியாவில் வசிப்பவருக்கும் மட்டும்தான். விற்பவர் இங்கே வசிப்பவர், விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் பிடிக்கும் டிடிஎஸ் (விலையிலிருந்து முன்கூட்டியே பிடிக்கும் வரி) 1 சதவீதம். விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் பிடித்தம் பல மடங்கு. குறைந்த பிடித்தச் சான்றிதழை வருமான வரித்துறையிடம் கிரயத்துக்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும், பத்திரம் முடிந்தபின் கேட்டுப் பயனில்லை.

பணம் வந்ததும் முதலில் ஈமச் செலவு, புரொபேட் செலவு, இறந்தவரின் கடன்கள். அதற்குப் பிறகுதான் பங்கு. புரொபேட் கிடைத்த ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், ஒரு வருடத்துக்குள் வரவு செலவுக் கணக்கும் கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டும். மோட்டார் மெக்கானிக்குக் கொடுத்த 800 ரூபாய்ச் சீட்டு உட்பட எல்லா ரசீதும் அப்போதுதான் உதவும்.