மணியின் பதினைந்து இலக்கம்

அக்டோபர் 1, 2025, புதன், இரவு

எங்கள் நாய் மணியைக் காணோம். ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவ அப்பா வெளியே எடுத்தபோது கேட் திறந்தே கிடந்திருக்கிறது. பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுத்து முடிக்கும் வரை யாரும் கவனிக்கவில்லை. பன்னிரண்டு வயது. வலது கண்ணில் புரை. காது சுத்தமாகக் கேட்காது, பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பயனில்லை. குளிப்பாட்டுவதற்காகக் கழுத்துப் பட்டையைக் காலையில்தான் கழற்றி வைத்தேன். கடலூரில் எங்கள் பகுதியான செம்மண்டலம் முழுக்கச் சுற்றிவிட்டு இப்போதுதான் வந்தேன். அப்பா சாப்பிடவில்லை.

அக்டோபர் 2, வியாழன்

கிடைத்துவிட்டான்! மஞ்சக்குப்பம் மைதானத்தை ஒட்டிய டீக்கடையில் சாக்கு மேல் படுத்திருந்தான். எங்கள் பால்காரர் பார்த்துப் போன் செய்தார். கடைக்காரர் ராத்திரியே பன்னும் தண்ணீரும் கொடுத்து, கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறார். “தெருநாய் மாதிரி தெரியலம்மா, வந்து கையை நக்குச்சு. யார் வீட்டு நாய்னு யாரைக் கேக்கறது?” என்றார். நியாயம்தான். செவலை நாட்டு நாய், இந்த ஊரில் இவனைப் போல எத்தனையோ. பால்காரர் அந்த வழியாக வராமல் இருந்திருந்தால்?

இன்னொன்றும் உறைத்தது. கொஞ்ச நாளாக ராத்திரியில் எழுந்து நடக்கிறான், மூலையில் சுவரைப் பார்த்தபடி நிற்கிறான். மனிதர்களுக்கு வருவது போல வயதான நாய்களுக்கும் மறதி நோய் வரும் என்று படித்திருந்தும், என் வீட்டில் நடப்பதோடு அதைச் சேர்த்துப் பார்க்கவில்லை.

அக்டோபர் 4, சனி

மணிக்குத் தோலுக்கு அடியில் அடையாள எண் உள்ள மைக்ரோசிப் போடலாமா என்று ஒரு கால்நடை கிளினிக்கில் கேட்டேன். “பன்னிரண்டு வயசுக்கு எதுக்குங்க? அது குட்டிக்குப் போடறது” என்றார் போனை எடுத்தவர். அழுகை வந்தது. குட்டி தொலைந்தால் ஓடித் திரியும், குரைக்கும். கண்ணும் காதும் போனது எப்படி வீடு திரும்பும்? இங்கிலாந்தில் நாய்களுக்கு 2016 ஏப்ரல் முதலும், பூனைகளுக்கு 2024 ஜூன் முதலும் சிப் கட்டாயம். பூனைக்கு 20 வாரம் ஆவதற்குள் போட்டுவிட வேண்டும் என்று கெடு இருக்கிறது, இத்தனை வயதுக்கு மேல் வேண்டாம் என்று எங்கும் இல்லை.

போன டிசம்பரில், ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது, குண்டுஉப்பலவாடியில் என் தோழி வீட்டு நாய் தொலைந்தது. இரண்டு மாதம் கழித்து வேறொரு வீட்டு வாசலில் பார்த்தாள். அவர்களும் அன்பாகத்தான் வளர்த்தார்கள், தங்கள் நாய் என்றே சொன்னார்கள். தன்னுடையது என்று காட்ட அவளிடம் மங்கலான ஒரு போட்டோ தவிர எதுவும் இல்லை. விட்டுவிட்டு வந்தாள்.

அக்டோபர் 7, செவ்வாய்

மணியையும், ஒன்பது வயதுப் பூனை பஞ்சுவையும் காரில் புதுச்சேரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் முதலில் சிப்பைப் படிக்கும் கருவியான ரீடரை இரண்டு பேர் மேலும் ஓட்டினார். ஏற்கெனவே சிப் இருக்கிறதா என்று பார்க்காமல் போடக்கூடாதாம். அப்புறம் மணியின் இதயத்தைக் கேட்டார், எடை பார்த்தார்.

சிப் அரிசி அளவுதான், 12 மில்லிமீட்டர் நீளம். ஊசி மட்டும் தடிமன், பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது. தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைத் தூக்கிப் பிடித்து ஒரே அழுத்து. மயக்க மருந்து கிடையாது. மணி ஒருமுறை முனகினான், அவ்வளவுதான். பஞ்சுதான் கூடையிலிருந்து வெளியே வரவே மாட்டேன் என்று அடம். வயதான விலங்குக்குப் பல் சுத்தம் செய்யவோ கட்டி எடுக்கவோ எப்படியும் மயக்கம் கொடுப்பதாக இருந்தால், அப்போதே சிப்பையும் போட்டுக்கொள்ளலாம் என்றார் டாக்டர்.

“இனிமே எங்க இருக்கான்னு செல்போன்ல பாத்துக்கலாமா டாக்டர்?” என்றார் அப்பா. முடியாது. அதில் பேட்டரியே இல்லை. சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக்கைப் படிப்பது போலத்தான், ரீடர் பக்கத்தில் வந்தால் மட்டும் 15 இலக்க எண்ணைக் காட்டும். அப்பாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஆனால் திரையில் எண் வந்தபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு இலக்கமாகப் படித்தார்.

சிப் சில சமயம் தோலுக்கு அடியில் நகர்ந்து தோளுக்கோ காலுக்கோ போய்விடும். அதனால் வருடாந்திரத் தடுப்பூசியின்போது ஒருமுறை ரீடர் வைத்துப் பார்க்கச் சொன்னார்.

அக்டோபர் 8, புதன்

பதிவு செய்தேன். சிப் உள்ளே இருந்து மட்டும் ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்த எண்ணோடு நம் போன் நம்பர் சேர்ந்திருக்க வேண்டும். அப்பா நம்பரைக் கொடுத்துவிட்டு, அந்த சிம்மை மாற்றப்போகிறார் என்பது ராத்திரிதான் நினைவுக்கு வந்தது. திருத்தி, என்னுடையதையும் சேர்த்தேன். பட்டையில் போன் நம்பர் பொறித்த வில்லையும் மாட்டியாகிவிட்டது. ரீடர் இல்லாதவர்களுக்கு அதுதான் உதவும். கேட்டுக்குத் தானாகச் சாத்திக்கொள்ளும் ஸ்பிரிங் போட ஆள் வந்து போனார்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

வெடிச் சத்தத்தில் பஞ்சு பீரோவுக்கு அடியில். மணிக்கு எதுவும் கேட்கவில்லை, அப்பா காலடியில் தூங்கினான். சாயங்காலம் டீக்கடைக்காரருக்கு அதிரசமும் முறுக்கும் கொண்டுபோனேன். சிப் பற்றிச் சொன்னதும் அவர் கேட்டார்: “சரிம்மா, அன்னைக்கே இவனுக்கு அது இருந்திருந்தா, நான் எங்க தூக்கிட்டுப் போயிருக்கணும்?”

ரீடர் இருக்கும் கால்நடை மருத்துவரிடம் என்றேன். “நம்ம கடலூர்ல யார்கிட்ட இருக்கு?” என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. நாளை மறுநாள் காலையிலிருந்து ஒவ்வொரு கிளினிக்காகப் போன் செய்து கேட்கப்போகிறேன். இருக்கும் இடங்களை இங்கேயே எழுதுகிறேன், அவர் கடைச் சுவரிலும் ஒட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.