சுட்ட வெங்காயமும் வினிகரும்

கும்பகோணம் மார்க்கெட்டில் நேற்று அரைக் கிலோ சின்ன வெங்காயம் வாங்கினேன். பாதியைத் தோலோடு தோசைக்கல்லில் போட்டு, சிறு தீயில் புரட்டிப் புரட்டிச் சுட்டேன். தோல் கருகி, நுனியில் சாறு கொப்பளித்ததும் இறக்கி உரித்தால் உள்ளே வழவழவென்று அவ்வளவு இனிப்பு! மீதியைப் பச்சையாகவே நறுக்கினேன்.

ஒரு டம்ளர் வினிகர், அரை டம்ளர் தண்ணீர், உப்பு, இரண்டு ஸ்பூன் சர்க்கரை, கொஞ்சம் மிளகு. கொதித்ததும் கண்ணாடிப் பாட்டிலில் வெங்காயத்தின் மேல் ஊற்றினேன். அலுமினியம் மட்டும் வேண்டாம், புளிப்பு அரித்துவிடும்.

அரை மணியில் பாட்டில் முழுக்க ரோஜா நிறம். வெங்காயத்தின் ஊதாவில் இருக்கும் ஆந்தோசயனின் என்ற நிறமி புளிப்பு பட்டால் இப்படித்தான் சிவக்கும். ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும்.

"நல்லெண்ணெய் இல்லாம என்னடி ஊறுகாய்?" என்று கேட்ட அம்மா, இன்று தயிர்சாதத்துக்குச் சுட்டதை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டாள்.