சிறுகுளம் திருத்தப் போகிறவர்களுக்கு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் எங்கள் ஊர்க்குளத்தைத் திருத்திய அனுபவத்தை எழுதச் சொல்லிப் பலர் கேட்டார்கள். ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்பின் செயலாளராக அந்த வேலையோடு முழுக்க நின்றவன் நான்.

முதலில், யாரிடம் போவது என்பது. உன்னிச்சை, நவகிரி போன்ற பெரிய குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்துடையவை. 80 ஹெக்டேயருக்கு, அதாவது ஏறக்குறைய 200 ஏக்கருக்கு உட்பட்டுப் பாயும் சிறுகுளங்களைக் கமநல அபிவிருத்தித் திணைக்களம் பார்க்கிறது. ஆகவே கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) ஓடாமல் உங்கள் கமநல சேவை நிலையத்துக்குப் போங்கள். தனி ஆளாக இல்லாமல், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பதிந்த கமக்காரர் அமைப்பாகப் போனால்தான் பேச்சுக்கு எடை இருக்கும். கூட்டத் தீர்மானம், அந்தக் குளத்தால் பாயும் வயல்களின் விபரம், ஏக்கர் வரிப் பற்றுச்சீட்டுகள் எல்லாம் கையில் இருந்ததால் எங்களுக்கு இந்தப் பகுதி சிக்கலில்லாமல் முடிந்தது.

குளத்தைத் திருத்தித் தரக் கேட்கும் கடிதத்தை மாரியிலேயே கொடுத்துவிட வேண்டும். குளம் வற்றுவது ஆவணி, புரட்டாசியில்தான். ஐப்பசியில் மழை பிடித்துவிடும். அந்தச் சின்ன இடைவெளிக்குள் மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் இறங்க வேண்டுமென்றால் அளவையும் மதிப்பீடும் அதற்கு முன்னரே முடிந்திருக்க வேண்டும். மாரிக்கு இன்னொரு பயனும் உண்டு. குளம் நிறைந்து நிற்கும்போது குளக்கட்டின் எந்த இடத்தில் கசிகிறது என்று கண்ணுக்குத் தெரியும். அந்த இடங்களில் முளை அடித்து வைத்தோம். கோடையில் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்தபோது அந்த முளைகளைப் பார்த்துத்தான் மதிப்பீடு போட்டார்.

எவ்வளவு ஆழம் தோண்டுவது என்பதில்தான் ஊருக்குள் வாக்குவாதம் வந்தது. ஆழமாகத் தோண்டினால் தண்ணீர் கூட நிற்கும் என்று இளம் பொடியன்மார் சொன்னார்கள். வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுவதைப் பார்த்த எங்கள் பழைய வட்டவிதானை, தண்ணீர் திறந்துவிடும் மதகான துரிசைக் காட்டி, "மனே, இதுக்குக் கீழ எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணி வயலுக்கு ஏறாது" என்றார். உண்மைதான். துரிசு மட்டத்துக்குக் கீழே நிற்கும் தண்ணீர் மாட்டுக்கும் மீனுக்கும் உதவும், வேளாண்மைக்கு உதவாது. அடியில் இருக்கும் களிப்படையைக் கிழித்துவிட்டால் இருக்கிற தண்ணீரும் நிலத்துக்குள் இறங்கிவிடும். கட்டின் அடியை ஒட்டித் தோண்டினால் கட்டே பலவீனப்படும். கடைசியில் வண்டலை மட்டும் அள்ளுவது, கட்டிலிருந்து நன்றாகத் தள்ளியே அள்ளுவது என்று தீர்மானம் எழுதினோம்.

இந்த நேரத்தில் ஒருவர் வந்து, மண்ணைத் தனக்குத் தந்தால் முழுக் குளத்தையும் இலவசமாகத் தோண்டித் தருவதாகச் சொன்னார். மறுத்துவிட்டோம். அவருக்குத் தேவை வண்டல் அல்ல, அடியிலிருக்கும் மணல். தூர்வாருகிறோம் என்று சொல்லிக் குளத்தைக் கிடங்காக்கிவிட்டு டிப்பர்கள் போன பிறகு ஊருக்கு என்ன மிஞ்சும்? மண்ணை வெளியே ஏற்றிச் செல்லப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதியும் வேண்டும். எங்கள் மண் ஊரை விட்டுப் போகாது என்று தீர்மானத்திலேயே சேர்த்தோம். களி கட்டுக்குப் போனது, வண்டல் வயலுக்கும் வீட்டுத் தோட்டங்களுக்கும் போனது. இப்படி ஒரு பேரம் உங்களுக்கும் வரும். தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பட்டது குளத்தின் மேற்பக்கம். வண்டல் அங்கிருந்துதான் வருகிறது. தண்ணீர் விளிம்பு வரை சோளனும் கச்சானும் செய்தவர்களோடு இருந்து பேசினோம். அளவைப் படத்தில் எல்லையைக் காட்டியபோது சிலர் உடனே ஒதுங்கினார்கள், சிலரோடு நீண்ட நாள் பேச வேண்டியிருந்தது. அவர்களுக்கும் பிழைப்பு இருக்கிறது, அதனால் யாரையும் விரட்டவில்லை. மேலே தள்ளிச் செய்யவும், சரிவுக்குக் குறுக்காக உழவும் சம்மதித்தார்கள். விட்ட இடத்தில் மருதும் நாவலும் நட்டோம். மழைநீர் அரித்த ஓடைகளில் கல்லடுக்கித் தடுப்புப் போட்டோம். பட்டி மாடுகள் கட்டில் ஏறி இறங்கும் தடத்தால்தான் கட்டு அதிகம் கரைந்தது. பட்டிக்காரரோடு கதைத்து ஒரே இடத்தில் கிறவல் போட்டு வழி அமைத்தோம். மற்ற இடமெல்லாம் புற்கற்றை பதித்தோம்.

வேலை முடிந்ததும் விட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன் சிரமதானம் வையுங்கள்: கட்டில் முளைக்கும் மரக்கன்றுகளை வேரோடு பிடுங்க வேண்டும், எலி வளைகளை வெட்டி இறுக்கி மூட வேண்டும், மிகுதித் தண்ணீர் வழிந்தோடும் வான் வாயில் அடைத்த குப்பையை அகற்ற வேண்டும், துரிசுக் கதவுக்குக் கிறீஸ் பூச வேண்டும். இவற்றுக்கு எந்த அலுவலகத்தின் கையெழுத்தும் தேவையில்லை.