பரண் மேல் ஒரு பேன்ட் புராணம்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மான் வேட்டையின் ஒன்பது நாள் துப்பாக்கிப் பருவம், நவம்பர் நாலாவது வியாழனில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கும். அது முடிந்ததும் குழல் வாய் வழியே வெடிமருந்து திணிக்கும் துப்பாக்கிக்குப் பத்து நாள். பிறகு டிசம்பரில் கொம்பில்லாத மானுக்கு மட்டும் ஒரு நாலு நாள். வில்லாளிகளுக்கு ஜனவரி வரை அனுமதி உண்டு. ஆரம்பத்தில் போகிறவர்கள் துப்பாக்கியைப் பற்றிப் பேசுவார்கள். கடைசியில் போகிறவர்கள் பேன்ட்டைப் பற்றித்தான் பேசுவார்கள்.

டிசம்பர் காலை நாலரை மணிக்கு அங்கே பல வீடுகளில் ஒரே காட்சிதான். சமையலறையில் ஹீட்டர் ஓடுகிறது. வீட்டுக்காரர் இரண்டு உள்பேன்ட், அதன் மேல் ஃப்ளீஸ் என்ற மெத்தென்ற செயற்கைத் துணி, அதன் மேல் தோள்வாரோடு மார்பு வரை ஏறும் பிப் என்ற கனத்த பேன்ட், ஜாக்கெட், தொப்பி என்று எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு, தேர் நிலையை விட்டுக் கிளம்புவது மாதிரி வாசலைத் தாண்டுகிறார். வெளியே மைனஸ் 12 டிகிரி. மானுக்காகக் காத்திருக்க மரத்தில் கட்டிய பரண் இருப்பது முக்கால் கிலோமீட்டர் தள்ளி, அதுவும் கணுக்கால் பனியில். மரத்தடிக்குப் போய்ச் சேரும்போது முதுகில் வியர்வை ஓடுகிறது. ஏறி உட்கார்ந்ததும் அரை மணி நேரம் சொர்க்கம். சுட அனுமதி உள்ள நேரம் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பு தொடங்குகிறது. இவருடைய பற்கள் தாளம் போடுவதும் ஏறக்குறைய அப்போதுதான் தொடங்குகிறது. எட்டு மணிக்கு அவர் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருப்பார். மான் எட்டேகாலுக்கு வரும்.

தவறு துணியில் இல்லை, போட்ட நேரத்தில் இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பு சுமார் 100 வாட் வெப்பம் தரும். அதே உடம்பு மூட்டையோடு பனியில் நடந்தால் 500, 600 வாட் தரும். இரண்டுக்கும் ஒரே உடுப்பு என்றால் ஏதோ ஒன்றுக்கு அது நிச்சயம் தப்பான உடுப்பு. நடக்கும்போது மெல்லிய உள்ளாடை, அதன் மேல் ஒரு லேசான பேன்ட், சட்டை, அவ்வளவுதான். கார் கதவைச் சாத்தும்போது குளிர வேண்டும். குளிரவில்லை என்றால் ஒரு அடுக்கு அதிகம். பிப்பையும் ஜாக்கெட்டையும் சுருட்டிப் பையில் கட்டிக்கொள்ளுங்கள். மெதுவாக நடங்கள். மரத்தடியில் ஐந்து, பத்து நிமிடம் மூச்சு அடங்கும் வரை நின்று, ஈரமான உள்சட்டையைக் கழற்றி உலர்ந்ததைப் போட்டு, அதன் பிறகு கனமானவை. இருட்டில், மைனஸ் 12-ல், ஒரு நிமிடம் வெற்று மார்போடு நிற்பதற்கு மன உறுதி வேண்டும். அந்த ஒரு நிமிடத்துக்குக் கைமாறாக மூன்று மணி நேரம் கூடுதலாக உட்காரலாம்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒத்துழைக்கிற பேன்ட்தான் நல்ல பேன்ட். முதலில் பார்க்க வேண்டியது பக்கவாட்டு ஜிப். கணுக்காலிலிருந்து இடுப்பு வரை முழு நீளம் திறக்க வேண்டும். முழங்காலோடு நின்றுவிடும் ஜிப் என்றால் பூட்ஸைக் கழற்றாமல் மாட்ட முடியாது. பனியில் ஒற்றைக் காலில், சாக்ஸோடு தத்தளிக்கும் மனிதரைப் பார்த்தால் மான் ஓடாது. நின்று வேடிக்கை பார்க்கும்.

அடுத்து பேன்ட்டா, பிப்பா என்ற கேள்வி. மைனஸ் 7 வரை நல்ல கம்பளி பேன்ட் போதும். அதற்குக் கீழே பிப்தான். உட்காரும்போது பேன்ட் இறங்கும், ஜாக்கெட் ஏறும். நடுவில் முதுகுக்கு ஒரு ஜன்னல் திறக்கும். பிப்பில் அந்த ஜன்னலே இல்லை. பெல்ட்டும் தேவையில்லை, தோள்வார் தாங்கிக்கொள்ளும். மூன்று அடுக்குக்கு மேல் பெல்ட்டை இறுக்கினால் இடுப்பில் பஞ்சு நசுங்கும். நசுங்கிய பஞ்சு குளிரைத் தடுக்காது, ஏனென்றால் குளிரைத் தடுப்பது பஞ்சு இல்லை, அதற்குள் அடைபட்ட காற்று. உட்காரும் இடத்தில் நடப்பதும் இதுதான். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பிப்பாக இருந்தாலும் உங்கள் எடையின் கீழ் அது வெறும் துணி. ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் கனமுள்ள அடர்ந்த ஃபோம் திண்டு ஒன்று, மலிவான பொருள், அந்த இடத்தைக் காப்பாற்றும்.

உள்ளே, தோலோடு ஒட்டி, மெரினோ என்ற ஆட்டின் மெல்லிய கம்பளி. சதுர மீட்டருக்கு 150 கிராம் என்றால் நடப்பதற்கு, 250 என்றால் உட்காருவதற்கு. மெரினோ தன் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பிறகும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. பாலியெஸ்டர் உறிஞ்சாது, ஆனால் சீக்கிரம் உலரும், வாடையும் சீக்கிரம் பிடிக்கும். பருத்தியை மட்டும் வேண்டாம் என்று எல்லாரும் சொல்வார்கள். சொல்லிவிட்டு, ஆயிரம் டாலர் உடுப்புக்குள்ளே பருத்தி ஜட்டி போட்டுக்கொண்டு கிளம்புவார்கள். வியர்வை முதலில் போய்த் தங்குவது அங்கேதான்.

நடு அடுக்கு ஃப்ளீஸ். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தளர்வாக இருந்தால் சரி. மைனஸ் 15-க்குக் கீழே செயற்கைப் பஞ்சு அடைத்த பேன்ட்டாக மாற்றலாம்.

வெளி அடுக்கில்தான் சண்டை. கம்பளி சத்தம் போடாது. வெர்மான்ட்டில் 1842-ல் தொடங்கிய ஜான்சன் உல்லன் மில்ஸின் கனத்த பேன்ட்டைத் தாத்தா காலத்திலிருந்து மாற்றாதவர்கள் இருக்கிறார்கள். ஆனால் காற்று கம்பளிக்குள் புகும், நனைந்தால் கனக்கும். காற்றைத் தடுக்கும் சவ்வு வைத்த நவீனத் துணிகளில் சில, குளிரில் விறைத்து, முழங்காலை மடக்கினால் சிப்ஸ் பாக்கெட் சத்தம் போடும். இலை எல்லாம் உதிர்ந்த காட்டில், காற்று அடங்கிய காலையில், அந்தச் சத்தம் ரொம்ப தூரம் போகும். கடையில் விரல் நகத்தால் துணியைக் கீறிப் பாருங்கள். வீட்டில் ஒரு மணி நேரம் ஃப்ரீஸரில் வைத்து மறுபடியும் கீறிப் பாருங்கள். வீட்டார் என்ன நினைப்பார்கள் என்பது வேறு விஷயம். வெல்க்ரோ வைத்த பாக்கெட் இருந்தால் அந்தப் பேன்ட்டை அப்படியே திருப்பி வைத்துவிடலாம்.

அதற்காகக் காற்றைத் தடுக்காத துணியோடு போகவும் முடியாது. மைனஸ் 18 டிகிரியில் மணிக்கு 24 கிலோமீட்டர் காற்று அடித்தால் திறந்த தோலுக்கு அது மைனஸ் 28. அமெரிக்க வானிலைச் சேவையின் அட்டவணைப்படி அரை மணியில் தோல் உறையலாம். ஐந்தாறு மீட்டர் உயரத்தில், இலையில்லாத மரத்தில், அந்தக் காற்று முழுதும் உங்களுக்கே.

நிறம் எளிது. துப்பாக்கிப் பருவத்தில் இடுப்புக்கு மேல் போடும் வெளி உடுப்பில் ஒவ்வொன்றும் பாதியாவது பளீர் ஆரஞ்சாக இருக்க வேண்டும்; தொப்பி போட்டால் அதுவும். 2016 முதல் பளீர் இளஞ்சிவப்பும் செல்லும். பேன்ட்டுக்கு இந்த விதி இல்லை. மானின் கண்ணுக்குச் சிவப்பு பிரியாது, ஆரஞ்சு அதற்கு மங்கலாகத்தான் தெரியும்.

இனி, யாரும் கடையில் கேட்காத கேள்வி: ஒன்றுக்குப் போவது எப்படி? உள்ளாடையின் திறப்பு ஒரு இடத்தில், ஃப்ளீஸில் திறப்பே இல்லை, பிப்பின் ஜிப் ஒரு சாண் தள்ளி, அதன் மேல் விழாமல் காக்கும் ஹார்னஸின் தொடை வார்கள். மேலே இருக்கும்போது ஹார்னஸைக் கழற்றவே கூடாது. கையில் கையுறை, வயிற்றில் இரண்டு கப் காபி. ஆகவே வாங்கும் முன் மூன்று அடுக்கையும் ஹார்னஸையும் மாட்டி, கையுறையோடு ஒத்திகை பாருங்கள். பிப்பின் முன் ஜிப் மேலும் கீழும் இரண்டு பக்கமும் திறக்க வேண்டும். பெண்களுக்குப் பின்புறம் இறங்கும் ஜிப் வைத்தவை கிடைக்கின்றன. அகன்ற வாய்ப் பாட்டில் ஒன்று பையில் இருக்கட்டும். அதையும் காபி ஃப்ளாஸ்கையும் வேறு வேறு பக்கத்தில் வையுங்கள். அதே ஒத்திகையில் குந்தி உட்கார்ந்து, காலை நாற்காலி உயரத்துக்குத் தூக்கியும் பாருங்கள். தொடையில் பிடித்தால் ஏணியிலும் பிடிக்கும். வெளி அடுக்கை ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள்.

காலுக்கு இரண்டு கனத்த சாக்ஸ் வேண்டாம், பூட்ஸ் இறுகி ரத்தம் ஓடாது. ஒன்று போதும், மரத்தடியில் மாற்ற இன்னொன்று. கைச்சூட்டுப் பைகளில் இருப்பது இரும்புத் தூள். காற்றில் துருப்பிடித்துத்தான் சூடு தருகிறது. கைக்கு உள்ளதைப் பூட்ஸுக்குள் திணித்தால் காற்று கிடைக்காமல் ஒரு கல்லாகக் கிடக்கும். கால்விரலுக்கென்று தனியாக விற்பதை வாங்குங்கள், வெறும் தோலில் ஒட்டாதீர்கள், சுட்டுவிடும். வில்லாளி என்றால், வில் பிடிக்கும் கையில் தடித்த சட்டைக்கையை ஒரு பட்டையால் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் நாண் அதில் உரசி அம்பு மானைத் தவிர எல்லாப் பக்கமும் போகும்.

பருவம் முடிந்து துவைக்கும்போது மணக்கும் சோப்பும் துணி மென்மையாக்கியும் கூடாது. மென்மையாக்கி இழையின் மேல் படிந்து ஈரம் கடத்துவதைக் கெடுக்கும். துணியைப் பளிச்சென்று காட்டும் சோப்புகளோ, மானின் கண் நன்றாகப் பார்க்கும் நீலத்தில் உங்களை ஒளிரவைக்கும். மெரினோவைச் சூடான டிரையரில் போடாதீர்கள். போட்டவர்களின் பிள்ளைகளுக்கு அடுத்த வருடம் அளவான உள்ளாடை கிடைத்திருக்கிறது.